எங்கே குளிர்கிறது, எப்போது குளிர்கிறது: குளிர்கால சைக்கிள் உடையில் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

குளிரில் சைக்கிள் ஓட்டிவிட்டு நடுங்கிக்கொண்டு வருபவர்கள் "இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருக்கணும்" என்பார்கள். பல நேரம் ஒரு ஸ்வெட்டரைக் குறைத்திருக்க வேண்டும் என்பதுதான் உண்மை. இந்த விஷயத்தில் குளிர் தெரியும் இடம் ஒன்று, கோளாறு இருக்கும் இடம் வேறு. விரல் விறைக்கும், ஓட்டை கழுத்தில் இருக்கும். முதுகு சில்லிடும், தவறு கிளம்பும்போதே நடந்திருக்கும். அதனால் குளிர்கிற இடத்தில் துணியை அடுக்குவதற்கு முன், குளிர் எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

கிளம்பிய முதல் பத்து நிமிடம் மட்டும் குளிர்ந்து, பிறகு அடங்கிவிட்டால் கோளாறே இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். அரை மணி, முக்கால் மணி கழித்து முதுகிலும் மார்பிலும் தொடங்கினால் காரணம் வியர்வை. இறக்கத்தில் மட்டும் என்றால் காற்று. வழி முழுக்கக் கைகால் நுனியில் மட்டும் என்றால் பெரும்பாலும் இறுக்கம், அல்லது உடம்பின் நடுப்பகுதி வெப்பத்தை இழக்கிறது. நின்றவுடன் நடுக்கம் என்றால் ஓட்டும்போது போட்டிருந்த உடை சரி, நிற்பதற்கான உடைதான் கையில் இல்லை.

பின்னணியில் இருக்கும் கணக்கு எளிது. தசை செலவழிக்கும் ஆற்றலில் கால்பங்கு, சிலருக்கு அதற்கும் குறைவுதான் பெடலுக்குப் போகிறது. மீதி எல்லாம் வெப்பம். பெடலில் 150 வாட் கொடுத்து ஓட்டும்போது உடம்பு 450 வாட்டுக்கு மேல் சூட்டை வெளியே தள்ளுகிறது. அதாவது ஆடைக்குள் ஒரு சிறிய ஹீட்டர் ஓடுகிறது. மறுபக்கம் காற்று. வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று பட்டால் வெறும் தோலுக்கு அது −6 டிகிரி போல இருக்கும். 40 கிலோமீட்டர் என்றால் −7ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. அப்படியானால் இறக்கத்தில் ஏன் அவ்வளவு குளிர்கிறது? வேகம் கூடியது பாதிக் காரணம்தான். கால் சுற்றுவதை நிறுத்தியதும் உள்ளே இருந்த ஹீட்டர் அணைந்துவிட்டது என்பது மீதிப் பாதி.

அறிகுறி: அரை மணி கழித்து முதுகும் மார்பும் ஈரமாகி நடுங்குகிறது

அடிக்கடி வரும் கோளாறு இதுதான். கண்டுபிடிக்க வீட்டுக்கு வந்தவுடன் ஒரு சோதனை போதும். எல்லாவற்றையும் மொத்தமாக உருவிப் போடாமல் ஒவ்வோர் அடுக்காகக் கழற்றித் தொட்டுப் பாருங்கள்.

தோலை ஒட்டிய அடுக்கு சொதசொதவென்று இருந்து, மேலே உள்ளவை காய்ந்திருந்தால், அந்த முதல் அடுக்கு ஈரத்தை வெளியே கடத்தவில்லை. பருத்தி பனியன் போட்டிருப்பீர்கள், அல்லது சரியான துணியாகவே இருந்தும் தொளதொளவென்று தொங்கியிருக்கும். பருத்தி ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த பனியன் போர்வையாக இல்லாமல் குளிரூட்டியாக மாறிவிடுகிறது. மாற்று: பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, உடம்பை ஒட்டிப் பிடிக்கும் அளவில். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், சீக்கிரம் நாறும். மெரினோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிய பிறகும் கதகதப்பு தரும், ஆனால் காய நேரம் எடுக்கும். இடையில் நின்று நின்று போகும் நீண்ட பயணத்துக்கு மெரினோ, மூச்சு வாங்க ஓட்டும் ஒரு மணி நேரத்துக்குப் பாலியெஸ்டர் என்பது எங்கள் தேர்வு.

ஜாக்கெட்டின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால், ஜாக்கெட் மூச்சு விடவில்லை. மழைக்கோட்டை வெறும் குளிருக்குப் போட்டுக்கொண்டு போவதுதான் இங்கே வழக்கமான தவறு. மழை இல்லாத குளிருக்கு முன்பக்கமும் கையின் முன்பகுதியும் காற்றைத் தடுத்து, முதுகும் அக்குளும் மெல்லிய துணியாக இருக்கும் ஜாக்கெட் போதும். காற்று முன்னாலிருந்துதான் வருகிறது, வியர்வை பின்னால்தான் அதிகம் கோக்கிறது. பை தொடும் இடம் மட்டும் நனைந்திருந்தால் ஆடையைக் குறை சொல்லாதீர்கள். பையைக் கேரியருக்கு மாற்றுங்கள்.

எல்லா அடுக்கும் காய்ந்திருந்தும் குளிர்ந்ததா? அப்போதுதான், அப்போது மட்டும்தான், ஓர் அடுக்கு கூட்ட வேண்டும்.

கிளம்பும்போது எவ்வளவு போடுவது? வெளியே உள்ள வெப்பநிலையைவிட 5 முதல் 8 டிகிரி அதிகம் என்று வைத்துக்கொண்டு உடுத்துங்கள். வாசலில் நிற்கும்போது கதகதப்பாக இருந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள். நடுத்தர வேகத்தில் ஓட்டுபவருக்கு ஒரு தொடக்கக் கணக்கு:

10 முதல் 15 டிகிரி: மெல்லிய முதல் அடுக்கு, முழுக்கை ஜெர்சி, முழங்காலை மூடிய கால்சட்டை, மெல்லிய முழுவிரல் கையுறை.

5 முதல் 10 டிகிரி: அதே உடை, மேலே காற்றுத்தடுப்பு வெஸ்ட் அல்லது மெல்லிய ஜாக்கெட். காதுப்பட்டை, கொஞ்சம் கனமான கையுறை.

0 முதல் 5 டிகிரி: முதல் அடுக்கு, மெல்லிய ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி மேலாடை), காற்றுத்தடுப்பு ஜாக்கெட் என மூன்று. உள்பக்கம் பிரஷ் செய்து மென்மையாக்கிய டைட்ஸ் (உடம்பை ஒட்டிய முழுக்கால்சட்டை), ஷூவுக்கு மேல் ஓவர்ஷூ என்ற உறை, கழுத்துக்கு பஃப் என்ற குழாய் வடிவத் துணி.

0 டிகிரிக்குக் கீழே: உடம்புக்கு அதே மூன்று அடுக்குகள், நடு அடுக்கு மட்டும் கனமாக. இதற்குமேல் கவனம் முழுக்கக் கை, கால், முகத்துக்குப் போக வேண்டும்.

மெதுவாக ஓட்டுபவர் ஒரு படி கீழே உள்ள பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். நான்கு தடவை ஓட்டியதும் இந்தக் கணக்கைத் திருத்தி உங்கள் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை, காற்று, போட்ட உடை, எங்கே குளிர்ந்தது என்று நான்கு வரி போதும். நினைவை நம்பினால் ஒவ்வொரு குளிர்காலமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உடையை விட்டு இரண்டு பழக்கங்கள். ஏற்றம் வருவதற்கு முன்பே ஜிப்பை இறக்குங்கள். வியர்த்த பிறகு இறக்கினால் ஈரத்தின்மேல் காற்று அடிக்கும். உச்சிக்கு வந்ததும், இறங்கத் தொடங்கும் முன், கழுத்து வரை ஏற்றிவிடுங்கள். இரண்டாவது, போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று வருமாறு பாதையைத் தேர்ந்தெடுங்கள். தலைகீழாகச் செய்தால், போகும்போது சேர்ந்த வியர்வையோடு காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டும்.

அறிகுறி: கை விரல் விறைக்கிறது, பிரேக் பிடிக்க முடியவில்லை

இதை முதலில் சரிசெய்யுங்கள். மற்ற குளிர் வேதனைதான், இது ஆபத்து. 1980 ஏப்ரலில் கொட்டும் பனியில் நடந்த லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் என்ற பெல்ஜிய சைக்கிள் பந்தயத்தில் கிளம்பிய 174 பேரில் 21 பேர்தான் முடித்தார்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் முந்தி வென்ற பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோவுக்கு அன்று பாதிக்கப்பட்ட இரண்டு விரல்கள் பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை. வெற்றி பெற்றவருக்கே அதுதான் கதி.

கையுறை வெப்பத்தை உண்டாக்காது, இருப்பதைக் காக்கும். விரலுக்குச் சூடு இரத்தத்தில் வருகிறது. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் மூளை முதலில் கைகால் நுனிகளின் இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். ஆகவே பார்க்க வேண்டிய வரிசை இது:

1. கழுத்தும் மணிக்கட்டும். கழுத்துப்பட்டை வழியாகக் காற்று மார்புக்குள் இறங்குகிறதா? கையுறைக்கும் ஜாக்கெட் கைக்கும் நடுவில் தோல் தெரிகிறதா? சைக்கிளில் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் இடைவெளி தெரியாது. மணிக்கட்டில் இரத்தக்குழாய் தோலை ஒட்டி ஓடுகிறது. அங்கே இரண்டு விரற்கடை திறந்திருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கையுறையும் வீண்.

2. இறுக்கம். கையுறையோடு முஷ்டி மடக்குங்கள். துணி விரலிடுக்கில் இழுத்தால், நுனியில் விரலுக்கும் துணிக்கும் இடையே சில மில்லிமீட்டர்கூட இல்லை என்றால், அளவு சிறியது. உள்கையுறை போட ஆசைப்பட்டு, பழைய அளவு கையுறைக்குள்ளேயே அதைத் திணிப்பது பலர் செய்வது. இரண்டு அடுக்கு போட்டதும் முன்பைவிட அதிகம் விறைக்கும். உள்கையுறை வேண்டும் என்றால் வெளிக்கையுறை ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும்.

3. காற்று. கையுறையின் வெளிப்பக்கத்தில் வாயை வைத்து அழுத்தி ஊதுங்கள். உள்ளே மூச்சு தெரிந்தால் காற்றும் வரும். கம்பளிக் கையுறை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தோற்கும். அதன்மேல் மெல்லிய காற்றுத்தடுப்பு உறை ஒன்று போட்டால் அதே கம்பளி அருமையாக வேலை செய்யும்.

4. உள்ஈரம். ஏற்றத்தில் கை வியர்த்து, அதன்பின் விறைத்தால், மெல்லிய உள்கையுறையை ஏற்றத்தில் தனியாகவும், இறக்கத்தில் வெளிக்கையுறையோடும் பயன்படுத்துங்கள். அவசரத்துக்கு, மருத்துவமனையில் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறை உள்ளே போட்டால் வியர்வை துணியை நனைக்காது. கை பிசுபிசுக்கும், ஆனால் சூடாக இருக்கும்.

5. தொடும் உலோகம். அலுமினிய பிரேக் லீவரில் எப்போதும் இரண்டு விரலை வைத்திருப்பவருக்கு அந்த இரண்டும்தான் முதலில் போகும். லீவரில் துணி டேப் ஒரு சுற்று சுற்றுங்கள், ஹேண்டில்பாரில் தடித்த டேப் போடுங்கள், பிடியைத் தளர்த்துங்கள்.

இந்த ஐந்தும் சரியாக இருந்தும் விறைத்தால் கையுறையின் வகையை மாற்றுங்கள். விரல்கள் தனித்தனியாக இருப்பதைவிட இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும் நண்டுக்கொடுக்குக் கையுறை சூடு அதிகம் காக்கும், பிரேக்கும் பிடிக்கலாம். −5 டிகிரிக்குக் கீழே தினமும் ஓட்டுபவருக்கு ஹேண்டில்பாரிலேயே மாட்டும் பெரிய உறைகள் உண்டு. கையை அதற்குள் நுழைத்து ஓட்டுவது. பார்க்கக் கேலியாக இருக்கும், ஆனால் உள்ளே மெல்லிய கையுறையே போதும் என்பதால் கியர் மாற்றுவதும் சுலபம்.

கையுறையை மாட்டும் முன் கை சூடாக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வெறுங்கையால் பூட்டைத் திறந்து, டயருக்குக் காற்றடித்து, விறைத்த பிறகு கையுறை போட்டால் அது விறைப்பைத்தான் காக்கும்.

வழியில் விறைத்துவிட்டால்: இறங்குங்கள். கையைத் தோளிலிருந்து முழு வட்டமாக முப்பது, நாற்பது தடவை வேகமாகச் சுற்றுங்கள். இரத்தம் நுனிக்குத் தள்ளப்படும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடுங்கள். உணர்வு திரும்பும்போது வலி கண்ணீர் வரவைக்கும், சிலருக்குக் குமட்டும். அது இரத்தம் திரும்புவதன் அடையாளம். குளிர் பட்ட மாத்திரத்தில் விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து எரிவது ஒவ்வொரு முறையும் நடந்தால் அது ரேனாட் எனப்படும் நிலையாக இருக்கலாம். கையுறை மாற்றிப் பயனில்லை, மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: கால் விரல் மரத்துப் போகிறது

கைக்குச் சொன்ன இறுக்கம் இங்கே இரண்டு மடங்கு உண்மை. ஷூவுக்குள் கால்விரலை மேலும் கீழும் அசைக்க முடிய வேண்டும். முடியவில்லையென்றால் இரண்டாவது சாக்ஸைக் கழற்றுங்கள், அல்லது குளிர்காலத்துக்கென்று அரை அளவோ ஓர் அளவோ பெரிய ஷூ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். கிளீட் (ஷூவைப் பெடலோடு பூட்டும் கொக்கி) மாட்டும் சைக்கிள் ஷூக்கள் பல கோடைக்காகச் செய்யப்பட்டவை. அடியில் காற்றுத்துளைகள் இருக்கும், கிளீட் திருகுகள் உலோகத் தகட்டில் இறங்கி உள்ளங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும். குளிர் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. துளைகளை உள்ளிருந்து டேப்பால் மூடுங்கள். இன்சோலை (ஷூவின் உள்அட்டையை) தூக்கி, கிளீட் தகட்டின்மேலும் டேப் ஒட்டி, ஃபெல்ட் அல்லது கம்பளி இன்சோல் போடுங்கள், கால் நெருக்குண்ணாத தடிமனில். பிறகுதான் ஓவர்ஷூ. ஓவர்ஷூவின் மேல்விளிம்பு டைட்ஸின் உள்ளே போக வேண்டும். வெளியே இருந்தால் காலில் வழியும் நீரெல்லாம் புனல் வைத்ததுபோல் ஷூவுக்குள் இறங்கும்.

ஷூவுக்குள் வைக்கும் சூட்டுப்பொட்டலங்கள் இரும்புத்தூள் துருப்பிடிப்பதால் சூடாகின்றன. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். இறுகிய ஷூவில், கைக்கென்று செய்த பொட்டலத்தை வைத்தால் பாதியில் அணைந்துவிடும். கால்விரலுக்கென்று விற்பதையே வாங்கி, விரலின் மேல்பக்கம், சாக்ஸின் வெளியே ஒட்டுங்கள். வெறும் தோலில் ஒட்டினால் புண்ணாகும்.

சாலை ஈரமாக இருந்தால் இதெல்லாம் தோற்கும், மட்கார்டு இல்லாவிட்டால். முன்சக்கர மட்கார்டையும் அதன் நுனியில் தரை வரை தொங்கும் ரப்பர் மடலையும் நாங்கள் உடைக் கணக்கில்தான் சேர்ப்போம்.

தட்டைப் பெடல் போட்டு, சாதாரண குளிர்கால பூட்ஸோடு ஓட்டுவது வேகப் பிரியர்களுக்குப் பிடிக்காது. −10 டிகிரியில் அதைவிடச் சிக்கனமான தீர்வு கிடையாது.

அறிகுறி: காது வலிக்கிறது, கண்ணாடி மூடுபனி பிடிக்கிறது

காதுக்குக் காதுப்பட்டை அல்லது ஹெல்மெட்டுக்குள் போடும் மெல்லிய தொப்பி. வழக்கமான கனத்த குரங்குக் குல்லாவின்மேல் ஹெல்மெட்டை ஏற்றினால், ஹெல்மெட் மேலே உட்கார்ந்துகொண்டு ஆடும். விழுந்தால் காக்காது. மெல்லிய வகையைத் தேர்ந்து, பட்டையைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். இன்னும் குளிர்ந்தால் ஹெல்மெட்டின் முன்துளைகளை டேப்பால் மூடிவிடலாம்.

கண்ணாடி மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பஃப். மூக்கை மூடி இழுத்துவிட்டால் மூச்சு மேலே போக வேறு வழியில்லை. மூக்குக்குக் கீழே இறக்குங்கள், அல்லது மூக்கருகே துளையுள்ளதை வாங்குங்கள். கண்ணாடியை மூக்கில் சற்று முன்னே தள்ளினால் காற்று உள்ளே ஓடும். சிக்னலில் நின்றவுடன் மங்கும், நகர்ந்ததும் தெளியும். அதைக் கையுறையால் துடைத்துக் கீறிவிடாதீர்கள்.

குளிர்ந்த வறண்ட காற்றால் இருமல், நெஞ்சில் இறுக்கம் வந்தால் பஃபை வாயின்மேல் மட்டும் தளர்வாகப் போட்டு, முதல் கால் மணி மெதுவாக ஓட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவர் சொன்ன மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அறிகுறி: முழங்கால் பிடிக்கிறது, தொடையிடுக்கு உறைகிறது

முழங்காலில் தசையும் கொழுப்பும் குறைவு, காற்று நேராகப் படுகிறது. 15 டிகிரிக்குக் கீழே மூடிவிடுவது நல்லது, கால் குளிரவில்லை என்றாலும். தொடையிடுக்கு பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆனால் 1977லேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், மெல்லிய உடையில் குளிரில் ஓடச் சென்ற மருத்துவர் ஒருவர் தன் ஆணுறுப்புக்கு நேர்ந்ததை எழுதியிருக்கிறார். முன்பக்கம் காற்றுத்தடுப்புத் துணி வைத்த டைட்ஸோ உள்ளாடையோ போடுங்கள்.

அறிகுறி: ஓட்டும்போது சுகம், நின்றால் நடுக்கம்

பஞ்சர் ஒட்டும் இருபது நிமிடம்தான் குளிர்காலப் பயணத்தின் மிகக் குளிர்ந்த பகுதி. முஷ்டியளவு சுருளும் இறகு அல்லது செயற்கைப் பஞ்சு ஜாக்கெட் ஒன்றும், காய்ந்த கையுறை ஒரு ஜோடியும் பையில் இருக்கட்டும். நின்றவுடன், குளிர்வதற்கு முன்பே, எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட இறக்கத்துக்கு முன் ஜெர்சிக்கும் மார்புக்கும் நடுவே செய்தித்தாளைச் செருகுவது பந்தய வீரர்களின் பழைய வித்தை. இன்றும் வேலை செய்கிறது.

அறிகுறி: சென்ற வருடம் நன்றாக இருந்த ஜாக்கெட் இந்த வருடம் நனைகிறது

துணி மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைத்தீர்களா? அது இழைகளில் படிந்து ஈரம் கடத்துவதைக் கெடுக்கும். வெளித்துணியில் தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் பரவினால் நீர்விலக்குப் பூச்சு தேய்ந்துவிட்டது. நனைந்த வெளித்துணி வழியாக வியர்வை வெளியேறாது, ஜாக்கெட் ஒழுகுவதுபோல் தோன்றும். நன்றாக அலசி, ஆடையில் தைத்திருக்கும் துவைப்புக் குறிப்புச் சீட்டு அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் உலர்த்துங்கள். பூச்சு ஓரளவு உயிர்பெறும். இல்லையென்றால் நீர்விலக்குத் திரவம் தெளிக்க வேண்டும்.

உடையை விட்டுவிட்டு ஒதுங்க வேண்டிய அறிகுறிகள்

கன்னம், மூக்கு, காது அல்லது விரலில் தோல் வெளுத்து, மெழுகுபோலக் கெட்டியாகி, தொட்டால் தெரியாமல் போனால் தோல் உறையத் தொடங்கிவிட்டது. தேய்க்காதீர்கள். பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். காற்றில்லாத இடத்துக்குப் போய், வெறுங்கையின் உள்ளங்கைச் சூட்டில் பொதிந்து வையுங்கள். ஆழமாக உறைந்திருந்தால், மறுபடி உறைய வாய்ப்பே இல்லாத இடத்தை அடைந்த பிறகே 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பேச்சு குழறுவது, ஜிப்பைப் பிடிக்கத் தடுமாறுவது, நேராகப் போன சைக்கிள் அலைவது, காரணமில்லாத எரிச்சல் அல்லது அக்கறையின்மை: உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது வருபவை. இவற்றைத் தனக்குத் தானே கண்டுகொள்வது கடினம், உடன் ஓட்டுபவர் கவனிக்க வேண்டும். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் நிலைமை மோசமாகிவிட்டது. உடனே அவசர உதவியை அழையுங்கள். காற்றில்லாத இடத்தில், தரையில் எதையாவது விரித்து உட்காரவைத்து, ஈர உடையைக் கழற்றிக் காய்ந்ததை மார்பிலும் வயிற்றிலும் முதலில் சுற்றுங்கள். நினைவு தெளிவாக இருந்து தானே விழுங்க முடிந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். மது வேண்டாம். நினைவு மங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.